மணிக்கட்டு

சில்வெட் பாஸ்குல் பேசினால் கேட்பவருக்குப் பசி எடுக்கும் என்று தெற்கு பிரான்சின் ருக்லான் ஊரில் சொல்வார்கள். கூட்டுறவு ஒயின் சங்கத்தின் விற்பனைக் கூடத்தில், நெட்டைப் பச்சைப் பாட்டில்கள் வரிசைகட்டி நிற்கும் மேடைக்குப் பின்னால், அவள் கால் நூற்றாண்டாக நின்றுகொண்டிருந்தாள். கோடையில் வடக்கிலிருந்து வரும் உல்லாசப் பயணிகளுக்கு ஒரு விரற்கடை ஊற்றிக் கொடுப்பாள். அவர்கள் மூக்கருகே கொண்டுபோவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவாள்.

"இதுதான் எங்க வெள்ளை ஒயின், பிக்பூல். முதல் மடக்குல நாக்கு சுருங்கும், பயந்துடாதீங்க. ரெண்டாவது மடக்குல கடல் காத்து அடிக்கும். மாட்டுக்கறியோட மட்டும் குடிச்சிடாதீங்க, ரெண்டுக்குமே அவமானம். தியேல் தின்னிருக்கீங்களா? பேய்க்கணவாயைத் தக்காளி, மிளகாய் போட்டு வேகவச்சு, மாவுக்குள்ள மூடிச் சுடறது. அதோட குடிங்க. திராட்சைக் குச்சியில வாட்டின மீனோட குடிங்க. காஞ்சுபோன சின்ன ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோட குடிங்க. ஆனா இது பொறந்ததே எங்க காயல் சிப்பிக்காகத்தான்."

அப்புறம் மேடைமேல் சாய்ந்து, ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்துவாள். "சிப்பிமேல இது ஒரு மடக்கு எறங்கிட்டா, உள்ள எந்தப் பூச்சி ஒளிஞ்சிருந்தாலும் செத்துச்சு!"

எல்லோரும் சிரிப்பார்கள். இன்னொரு பெட்டி வாங்குவார்கள்.

அதை அவள் நம்பினாளா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஒரு வாக்கியத்தை ஆயிரம் தடவை சொன்னவருக்கு அதை நம்பவேண்டிய அவசியமே இல்லை. நாக்கு பார்த்துக்கொள்ளும். அவளுடைய மாமனார் சொன்னார், செத்துப்போன புருஷன் சொன்னான், மருந்துக்கடைக்காரர்கூடச் சொன்னார். ஒயினில் பன்னிரண்டு சதவீதம் சாராயம். மருத்துவமனையில் கையில் தேய்க்கும் திரவத்தில் அதைப்போல ஆறு மடங்கு. அதற்கே மசியாத கிருமிகள் உண்டு. இதெல்லாம் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியக்கூடிய விஷயம். ஆனால் ஊர்ப் பெருமை ஒன்றைத் தாங்கி நிற்கும் பொய்யை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவதில்லை.

விற்பனைக் கூடத்துக்குப் பின்னால் ஒயின் கிடங்கு. உள்ளூர்க்காரர்கள் அங்கேதான் பிளாஸ்டிக் கேன்களோடு வருவார்கள். பெட்ரோல் பங்கில் இருப்பது மாதிரி ஒரு குழாயைக் கேனுக்குள் விட்டு நிரப்பிக்கொண்டு போவார்கள். காலையில் சில்வெட் உள்ளே வரும்போது கிடங்கு ஆட்கள் ஏற்கெனவே தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். கை குலுக்காமல் இந்த நாட்டில் நாள் தொடங்காது. கை ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டுவார்கள். எதிராளி அதைப் பிடித்துக் குலுக்குவார். கிடங்கு ஆட்கள் எல்லோரும் சில்வெட்டுக்கு மணிக்கட்டைத்தான் கொடுப்பார்கள். ஒருவன் மட்டும் விதிவிலக்கு. லஹ்சன் குழாயை மூடிவிட்டு, இரண்டு கையையும் கால்சட்டையில் அழுத்தித் துடைத்து, முழுக் கையை நீட்டுவான்.

"மணிக்கட்டே போதும்ப்பா, எனக்கு நேரமாகுது," என்பாள்.

"மதாமுக்கு மணிக்கட்டு குடுத்தா அன்னிக்கு ஒயின் புளிச்சுடும்," என்பான்.

"ஏற்கெனவே புளிப்புதானே!"

லஹ்சன் மொராக்கோக்காரன். பன்னிரண்டு வருடமாக ருக்லானில் இருந்தான். குளிரில் திராட்சைக் கொடி வெட்டுவான். வசந்தத்தில், காயலில் சிப்பி வளர்க்கும் சில்வெட்டின் கொழுந்தன் ஃபுல்கிரானிடம் போய்க் கயிற்றில் சிப்பி ஒட்டுவான். அறுவடையிலும், இடையில் ஆள் தேவைப்படும்போதும், சங்கக் கிடங்குக்கு வருவான். எல்லாமே பருவ வேலை. குடிக்க மாட்டான், ஒயின் தொட்டியைக் கழுவுவான், ஒயினைச் சுமப்பான், அவ்வளவுதான். வரும் மார்ச் மாதத்திலிருந்து அவனைக் கிடங்கில் நிரந்தரமாக்குவதாகச் சங்கத் தலைவர் தெல்மாஸ் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தர வேலை இருந்தால்தான் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள அரசாங்கம் அனுமதிக்கும். இது சில்வெட்டுக்குத் தெரியும். மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று அவன் அவளிடம்தான் கேட்டிருந்தான்.

டிசம்பரில் பேய்மழை கொட்டியது. காயலைச் சுற்றியுள்ள ஊர்களின் சாக்கடைகள் பொங்கின. சிப்பி என்பது வடிகட்டி. தண்ணீரில் எது வந்தாலும் அதன் வயிற்றில் தங்கும். வருடப் பிறப்புக்கு முந்தின நாள், பிரான்சு முழுக்கச் சிப்பி தின்னும் நாள், காயல் சிப்பியில் வயிற்றுக் கிருமி இருக்கிறது, விற்கக்கூடாது என்று மாவட்ட ஆட்சியர் தடை போட்டார். சாக்கடையைப் பொங்கவிட்ட அதிகாரி ஒருவருக்கும் வேலை போகவில்லை. அவர்கள் வீட்டு மேஜையில் அன்றைக்கு, நாட்டின் வடமேற்கு மூலையிலிருந்து வந்த பிரிட்டனிச் சிப்பி இருந்திருக்கும். ஒரு வருட உழைப்பைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் காயல்காரர்கள். ஆட்சியர் அலுவலக வாசலில் அவர்கள் வண்டி வண்டியாகச் சிப்பி ஓட்டைக் கொட்டினார்கள். ஓட்டை அள்ளிப் போட ஆள் வந்தது, பதில் வரவில்லை.

தடை நீங்குவதற்குள் சான் வின்சென்ட் திருநாள் வந்துவிட்டது. திராட்சைக்காரர்களின் புனிதர்; ஜனவரிக் கடைசியில் சங்கமே கூடி உண்ணும் நாள். விருந்துப் பொறுப்பு வழக்கம்போல சில்வெட்டுக்கு. பிரிட்டனியிலிருந்து சிப்பி வரவழைக்கலாம் என்று தெல்மாஸ் சொல்லிவிட்டார். அவளும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

ஃபுல்கிரான் வந்தான். கூடத்தில் யாரும் இல்லாத நேரம். தானே ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டான்.

"பிரிட்டனிச் சிப்பியாமே. நம்ம திருநாளுக்கு. நம்ம ஒயினுக்கு."

"வேற என்ன பண்ணச் சொல்ற, ஃபுல்கிரான்?"

"எங்கண்ணன் இருந்தா அந்த லாரியை அப்படியே கடலுக்குள்ள திருப்பி விட்டிருப்பான். ஏன் சில்வெட், அங்கேருந்து வேணா கப்பல்ல தண்ணியும் கொண்டுவந்து குடிங்களேன்!"

"தடை இருக்குய்யா."

"விக்கத்தானே தடை? நான் விக்கலை. சும்மா தரேன். என் கயிறுங்க சாக்கடை வாய்க்காலுக்கு எதிர்க் கரையில கெடக்கு. நேத்து ஒரு டஜன் தின்னேன், உன் முன்னாடி நிக்கிறேன். ஒண்ணுமில்லைன்னு ஊருக்குக் காமிக்கணும். நாம தின்னாத்தான் நாளைக்கு அடுத்தவன் தின்னுவான்."

"யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

ஃபுல்கிரான் கோப்பையை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு அவளைப்போலவே மேடைமேல் சாய்ந்து, அவளுடைய குரலிலேயே சொன்னான்: "எந்தப் பூச்சி ஒளிஞ்சிருந்தாலும் செத்துச்சு!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை காதில் கேட்டாள். கொழுந்தன் போனதும் பிரிட்டனிக்குப் போன் செய்து, சிப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

காயல் சிப்பிக்கு ஒரு அடையாளம் உண்டு. மற்ற கடல்களில் சிப்பியைப் பையில் போட்டு வளர்ப்பார்கள். காயலில் அலை ஏற்ற இறக்கம் கிடையாது. ஒவ்வொரு குஞ்சுச் சிப்பியையும் ஒரு சொட்டு சிமெண்டால் கயிற்றில் ஒட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுவார்கள். அறுத்தெடுத்த பிறகும் ஓட்டின் முதுகில் சாம்பல் நிறத்தில் அந்தச் சிமெண்ட் தழும்பு இருக்கும். இந்த ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தின் பின்கட்டில் லஹ்சனும் இன்னும் இரண்டு பேரும் சிப்பி திறக்க உட்கார்ந்தார்கள். லஹ்சன் முதல் சிப்பியைக் கையில் எடுத்தான். கத்தியை வைக்கவில்லை. ஓட்டைத் திருப்பி முதுகைப் பார்த்தான். பிறகு சில்வெட்டைப் பார்த்தான்.

"மதாம், இது..."

"திற லஹ்சன். பேசாம திற."

அவன் திறந்தான். கூலிக்கு வந்தவன், திறக்காமல் என்ன செய்வான்?

மேஜைக்குத் தட்டுகள் போனபோது நடந்ததை சில்வெட் வாசலில் நின்று பார்த்தாள். தெல்மாஸ் தன் தட்டிலிருந்த சிப்பியை எடுத்தார். கட்டைவிரலால் முதுகைத் தடவினார். தூரத்திலிருந்த ஃபுல்கிரானைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பக்கத்தில் இருந்தவரும் தடவினார். மேஜை மேஜையாக அந்தத் தடவல் பரவியது. ஒரு முணுமுணுப்பு, அப்புறம் ஒரு சிரிப்பு. யாரோ "ஆட்சியர் வாழ்க!" என்று கத்தினார்கள். மண்டபமே எழுந்து கோப்பையைத் தூக்கியது. எலுமிச்சை பிழிந்து, சிப்பியை உறிஞ்சி, மேலே பிக்பூலை ஊற்றினார்கள். எதிர்ப்புப் போராட்டம் அவ்வளவு ருசியாக இருந்ததை யாரும் அதுவரை கண்டதில்லை. சில்வெட்டும் தின்றாள். பின்கட்டில் லஹ்சன் எலுமிச்சையோடு இரண்டு தின்றான். பிறகு தியேல்களைத் துண்டு போட்டு அவனே தட்டில் வைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் மருந்துக்கடை வாசலில் ஊர் வரிசையில் நின்றது; நிற்க முடியாதவர்கள் ஆள் அனுப்பியிருந்தார்கள். குடித்தவன், குடிக்காதவன் என்று கிருமி யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை. மண்டபத்திலேயே அதிகம் குடித்தவர் கிழவர் ரூஸ்தான், தொண்ணூறைத் தொட்டவர். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அன்றைக்கே சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது.

அவள் வருவதற்கு முன்பே ஃபுல்கிரான் வேனோடு வந்து, மண்டபத்துக் குப்பையிலிருந்த ஓடுகளை ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அதிகாரி வியாழக்கிழமை வந்தாள், இளம்பெண். தெல்மாஸின் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தெல்மாஸ், ஃபுல்கிரான், சில்வெட் மூவரும் வெளிறிய முகத்தோடு எதிரே இருந்தார்கள். உடம்பு இன்னும் தேறவில்லை.

"சிப்பி எங்கேருந்து வந்தது?"

"பிரிட்டனி," என்றார் தெல்மாஸ். குரல் நடுங்கவில்லை.

"ரசீது, லேபிள் எல்லாம் வேணும். சிப்பியில இல்லேன்னா சமையலறையிலிருந்துதான் வந்திருக்கணும். வேலை செஞ்சவங்கள்ல யாருக்காவது முன்னாடியே வயித்துக் கோளாறு இருந்துதா?"

லேபிள் குப்பையோடு போய்விட்டது, ரசீதைத் தேடி அனுப்புகிறேன் என்றார் தெல்மாஸ். ஜன்னலுக்கு வெளியே லஹ்சன் குழாயை இழுத்துக்கொண்டு போனான். அவனும் இரண்டு நாள் படுத்துவிட்டு அன்றைக்குத்தான் எழுந்து வந்திருந்தான். ஃபுல்கிரான் அந்தப் பக்கம் பார்த்தான்.

"சொல்லக்கூடாது... திறந்தவன் ஒருத்தனுக்கு விருந்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வாந்தின்னு கேள்வி. கை கழுவற பழக்கம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கறதில்லை, பாருங்க."

அதிகாரி சில்வெட்டைப் பார்த்தாள். "விருந்துப் பொறுப்பு நீங்கதானே மதாம்? நீங்க கவனிச்சீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அடுத்த கேள்வி சிப்பியைப் பற்றித்தான் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. சில்வெட் தோளைக் குலுக்கினாள். நம் பக்கத்தில் உதட்டைப் பிதுக்குவதுபோல இந்த ஊரில் தோளைக் குலுக்குவார்கள். தெரியாது, இருக்கலாம், எனக்கென்ன, எல்லாவற்றுக்கும் அதுதான். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டாள்.

மேலே இருப்பவனை அடிக்க முடியாதவர்களுக்குக் கீழே ஒருவன் கிடைத்துவிட்டால் எவ்வளவு நிம்மதி! ஆட்சியரை, சாக்கடை அதிகாரியை, ஒயினை, தங்கள் பெருமையை, தங்கள் கட்டைவிரலை யாரும் குற்றம் சொல்லவேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. அந்த வாரத்துக்குள் ஊரில் ஒரு கதை முழுசாக வளர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமையே அவன் வாந்தி எடுத்ததைப் பார்த்தவர்கள் கிடைத்தார்கள். ஓட்டின் முதுகைத் தடவிப் பார்த்த அதே ஆட்கள் மதுக்கடையில் உட்கார்ந்து, "இனிமே நம்ம சிப்பியை நம்ம ஆளுங்கதான் திறக்கணும்" என்றார்கள். "குடிக்காதவனை ஒயின் விருந்துல விட்டதே தப்பு" என்றும் ஒருவன் சொன்னான். தான் சொன்னதில் பெரிய தத்துவம் இருப்பதாக அவன் நினைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. சில்வெட் பக்கத்து மேஜையில் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரை போடாத காப்பி. எதைக் கலக்கினாள் என்று தெரியவில்லை.

நொயேலி வந்து எதிரில் உட்கார்ந்தாள். சில்வெட்டின் பள்ளித் தோழி, வாய்த்துடுக்கு. அவளுக்குச் சிப்பி ஒவ்வாது. தின்றால் முகம் பூசணிக்காயாகிவிடும்.

"என்னடி, இன்னும் வெளிறிப்போயே இருக்க? என்னைப் பாரு, குதிரை மாதிரி இருக்கேன். சிப்பியை மோந்துகூடப் பாக்கலை. அதுக்குப் பதிலா லஹ்சன் வெட்டி வச்ச தியேல்ல நாலு துண்டு தின்னேன். கையால எடுத்துத்தான் வச்சான், நானே பாத்தேன். நல்ல கைதான் போலிருக்கு!"

அவள் சிரித்துவிட்டு எழுந்து போனாள். தான் என்ன சொன்னோம் என்பது நொயேலிக்குத் தெரியாது. சில்வெட்டுக்குத் தெரிந்தது. சிப்பியைத் தொடாத ஒருத்தரும் படுக்கவில்லை. அவன் கையால் வெட்டியதைத் தின்றவர்கள் நன்றாக இருந்தார்கள். யோசிக்கத் துணிந்த எவருக்கும் இந்த ஒரு விஷயம் போதும். அவளுக்கு யோசிக்கவே தேவையில்லை. முதலிலிருந்தே எல்லாம் தெரியும். காது சூடாகி, கழுத்து வரை அந்தச் சூடு இறங்கியது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

லஹ்சன் பழைய டிராக்டர் கொட்டகைக்கு மேலே ஒரு அறையில் இருந்தான். கதவைத் திறந்தவனின் முகத்தில் வியப்பில்லை. அவன் கைகளைத்தான் அவள் முதலில் பார்த்தாள். பார்த்த மறுகணமே, ஊரில் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று உறைத்தது. ப்ளீச்சிங் தண்ணீரில் கழுவிக் கழுவி விரல்கள் வெடித்திருந்தன.

"பாருங்க மதாம், பாருங்க. எல்லாரும்தான் பாக்கறாங்க. ரொட்டிக்கடைக்கார அம்மா பன்னெண்டு வருஷம் என் கையிலேருந்து காசு வாங்கினாங்க. இப்ப தட்டுல வைன்னு தட்டைக் காமிக்கிறாங்க."

சில்வெட் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"உக்காருங்க. டீ போடட்டுமா? என் கையால போட்டாக் குடிப்பீங்களா?"

"குடிக்கறேன்."

புதினா டீ கொதிக்கக் கொதிக்க வந்தது. அவள் ஆறவிடாமல் குடித்தாள்; நாக்கு வெந்தது. அப்புறம் சொன்னாள். பிரிட்டனிச் சிப்பியை நிறுத்தியது, ஃபுல்கிரான் சொன்னது, தான் சிரித்தது, அதிகாரி கேட்டபோது தோளைக் குலுக்கியது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அழுகை வந்ததும் கொஞ்சம் லேசாக இருந்தது. லேசாக இருந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

லஹ்சன் கடைசிவரை கேட்டான்.

"எனக்குத் தெரியாதது இதுல என்ன இருக்கு, மதாம்? ஓட்டைத் திருப்பி உங்களுக்குக் காமிச்சதே நான்தானே. மார்ச்ல வர்ற வேலை எனக்கில்லைன்னு முசே தெல்மாஸ் நேத்து சொல்லிட்டாரு. என் பொண்ணுக்கிட்ட இன்னும் சொல்லலை. பிரெஞ்சுப் பாட்டு ஒண்ணு கத்துக்கிட்டு போன்ல பாடிக் காமிக்கறா."

"என்னை மன்னிச்சுடுப்பா."

"இந்த அறைக்குள்ள நீங்க என்ன சொன்னாலும் கீழ டிராக்டருக்குத்தான் கேக்கும். எங்க தோளைக் குலுக்கினீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க." காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினான். "மன்னிக்கறதை அப்புறம் பாக்கலாம்."

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் பிப்ரவரியில் அதே மண்டபத்தில். புருஷன் விட்டுப்போன சிறு திராட்சைத் தோட்டம் இருந்ததால் சில்வெட்டும் உறுப்பினர்தான். எப்போதும் பின்வரிசையில் உட்காருவாள். கிழவர் ரூஸ்தான் பிழைத்து, போர்வை போர்த்தி முன்வரிசையில் இருந்தார். விலை, உரம், மழை எல்லாம் பேசி முடித்த பிறகு, கிடங்கு வேலைக்கு வேறு ஆள் பார்த்திருப்பதாக தெல்மாஸ் சொன்னார். காரணம் எல்லோருக்கும் தெரியும் என்பதுபோல நிறுத்தினார். தலைகள் ஆடின.

சில்வெட் எழுந்தாள்.

"காரணத்தை நான் சொல்றேன். சிப்பி பிரிட்டனியிலேருந்து வரலை."

"உக்காரு சில்வெட்!" என்றான் ஃபுல்கிரான்.

"ஃபுல்கிரானோட கயிறு. நான்தான் வாங்கினேன். லஹ்சன் என்கிட்ட காமிச்சான், நான்தான் பேசாம திறன்னேன். அதிகாரி கேட்டப்ப நான்தான் பேசாம இருந்தேன்."

"குடிச்சுட்டு வந்திருக்கா!" யாரோ கத்தினார்கள்.

"நான் குடிக்கலை. நீங்க குடிச்சீங்க. நான் ஊத்தினதை, நான் சொன்ன பொய்யை நம்பி. சரி, அது என் தப்பு. ஆனா ஒரு விஷயம். யாரெல்லாம் அன்னிக்கு ஓட்டைத் திருப்பிப் பாத்தீங்க?"

மண்டபத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"முசே தெல்மாஸ், உங்க கட்டைவிரலை நான் பாத்தேன். இந்த மேஜை பாத்துச்சு. அந்த மேஜை பாத்துச்சு. சிமெண்ட் இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே தின்னீங்க, நானும் தின்னேன். அப்புறம் வயிறு கலங்கினதும் ஒரு கையைத் தேடினோம். நம்மளோடது இல்லாத ஒரு கையை."

"எங்கண்ணன் பேரையே கெடுக்க வந்திருக்கா!" ஃபுல்கிரானின் குரல் உடைந்திருந்தது. "என் படகைப் பிடுங்கிடுவாங்கடி! தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சாக்கடையை விட்டவனை விட்டுட்டு என்னைப் பிடிக்கிறியே!"

அது நியாயமான கேள்வி. ஆனால் அவன் அன்றைக்குப் பிடித்துக் கொடுத்ததும் சாக்கடையை விட்டவனை இல்லையே என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது ரூஸ்தான் கிழவர் போர்வைக்குள்ளிருந்து சத்தமாகச் சொன்னார்: "சிமெண்ட் இருந்துச்சு. பல்லுல பட்டுச்சு." யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் அதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். இரண்டாவது தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று எண்ணியிருந்தாள். இல்லை.

ஃபுல்கிரான் கோடை முடியும்வரை சிப்பி விற்கக்கூடாது என்றானது. படகு தப்பியது. தெருவில் அவளைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறான். தெல்மாஸ் இன்றும் தலைவர்தான். சாக்கடை அலுவலகத்தில் இன்றும் ஒருவருக்கும் வேலை போகவில்லை. அதைக் கேட்டு சில்வெட் எழுதிய மனுவில் மதுக்கடைக் கும்பலில் பாதிப் பேர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள், அவள் எழுதியது என்பதால். லஹ்சனிடம் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. ரொட்டிக்கடைத் தட்டு மட்டும் ஒரு நாள் சத்தமில்லாமல் மறைந்தது. அப்படியொன்று இருக்கவே இல்லை என்பதுபோல அந்த அம்மாள் மறுபடி கையை நீட்டினாள். ஊர்கள் இப்படித்தான் தங்களை மன்னித்துக்கொள்கின்றன.

வேலை மறுபடி லஹ்சனுக்கே என்று தெல்மாஸ் ஆள் அனுப்பினார். அவன் மூஞ்சியில் அடித்தாற்போல மறுத்துவிடுவான் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். பாட்டோடு மகள் காத்திருக்கும் தகப்பனுக்கு அந்த வசதி இல்லை. ஒத்துக்கொண்டான்.

சில்வெட்டும் அதே மேடைக்குப் பின்னால்தான் நிற்கிறாள். அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. பேச்சு குறைந்துவிட்டது. போன கோடையில் வடக்கத்திக்காரர் ஒருவர் கோப்பையைச் சுழற்றியபடி, "இதைக் குடிச்சாச் சிப்பியில இருக்கற கிருமியெல்லாம் செத்துடுமாமே, போன தடவை நீங்கதான் சொன்னீங்க," என்றார்.

"இல்லைங்க முசே. ஒண்ணையும் கொல்லாது. சிப்பி நல்லா இருந்தா, இதுவும் நல்லா இருக்கும். அவ்வளவுதான்."

அவர் ஒரு பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

காலையில் அவள் கிடங்கு வழியாகத்தான் உள்ளே வருகிறாள். லஹ்சன் குழாயை மூடுகிறான். இரண்டு கையையும் கால்சட்டையில் துடைக்கிறான், பழையபடி அழுத்தி, ஒரு துளி ஈரம் இல்லாமல். "வணக்கம் மதாம்," என்கிறான், மரியாதையாகத்தான். பிறகு காய்ந்த, சுத்தமான விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டுகிறான்.

சில்வெட் அதைப் பிடித்துக் குலுக்குகிறாள்.